உதிரிபாகங்களுக்குப் பழைய இரும்பு அலமாரி

சைக்கிள் உதிரிகள், நட்டு போல்ட்டு சேர்ந்துவிட்டதா? புது பிளாஸ்டிக் பெட்டிகள் வேண்டாம். பழைய பொருள்களை வாங்கி விற்கும் கரோசெல் தளத்தில் பழைய ஆபிஸ் இரும்பு டிராயர் அலமாரிகளைத் தேடுங்கள். அலுவலகம் காலி செய்கிறவர்களுக்கு விலையைவிட இடம்தான் அவசரம். ‘இன்றே எடுத்துக்கொள்கிறேன்’ என்றால் சிலர் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். ஆனால் லாரி வாடகை அந்த லாபத்தை விழுங்கிவிடும், அதனால் பக்கத்துப் பேட்டையிலேயே பாருங்கள்.

எடுக்கும் முன் ஒவ்வொரு டிராயரையும் முழுக்க இழுத்து, கையால் அழுத்திப் பாருங்கள். டிராயர் ஓடும் தண்டவாளம் தொங்கினால் வேண்டாம். அடித்தகட்டைக் கட்டாயம் தடவிப் பாருங்கள், நம் சிங்கப்பூர் ஈரத்தில் துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். மேலோட்டமான துரு என்றால் பரவாயில்லை, உப்புத்தாள் போதும். சாவி தொலைந்திருந்தால் விலையைக் குறைக்க நல்ல சாக்கு!

அப்புறம், வீட்டில் இடமில்லை என்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பொது நடைபாதையில் வைத்துவிடாதீர்கள். அங்கே 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்.