பெட்டி உடைகிறதா? கோபாலிமரை அள்ளிக் கொட்டும் முன்

கோவை கணபதி பக்கம் ஒரு மோல்டிங் பட்டறை. அங்கே ஊற்றிய காய்கறிப் பெட்டிகள் மேட்டுப்பாளையம் மண்டியில் நன்றாகத்தான் உழைத்தன. கேரட் ஏற்ற ஊட்டிக்குப் போன பெட்டிகளோ, மார்கழிப் பனியில் இறக்கிப் போட்டதும் மூலையில் விண்டுவிட்டன. "ஏனுங்க, இங்க ஏறி மிதிச்சாலும் உடையலீங்களே?" என்றார் முதலாளி. அவர் போட்டது ஹோமோபாலிமர் பிபி, அதாவது புரோப்பிலீனை மட்டுமே கோத்த பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் அது நொறுங்கும். கோவை வெயிலில் மிதித்துப் பார்த்தால் அது எப்படித் தெரியும்?

சரி என்று "கோபாலிமர்", அதாவது எத்திலீனும் சேர்த்துக் கோத்த பிபி, கேட்டு வாங்கினார். வந்தது ரேண்டம் கோபாலிமர். பலரும் சறுக்குவது இங்கேதான்.

பிபி சங்கிலிகள் ஒழுங்காக மடிந்து அடுக்கினால்தான் படிகம் உருவாகும். ரேண்டமில் எத்திலீன் சங்கிலிக்குள்ளேயே அங்கங்கே செருகி நிற்கிறது, பாவு நூலில் முடிச்சு விழுந்த மாதிரி. மடிப்பு தடைபடும், படிகம் மெலியும், 160 டிகிரிக்கு மேல் இருந்த உருகுநிலை 145 பக்கம் இறங்கும். பொருள் தெளிவாக வரும். டிபன் டப்பாவுக்கு அருமை. ஊட்டிக் குளிருக்கு வேண்டியது பிபிசிபி என்கிற இம்பாக்ட் வகை. அதில் பிபியின் படிகம் பெரும்பாலும் அப்படியே இருக்க, நடுநடுவே ரப்பர் துளிகள் உட்கார்ந்து, அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டு விரிசலை ஓடவிடாமல் தடுக்கும். ஒரு துண்டை மடித்துப் பாருங்கள்: மடிப்பு பளிச்சென்று வெளுக்கும். ரேண்டம் அவ்வளவு வெளுக்காது.

அடுத்த தவறு பேராசை. ரப்பர் கலந்ததும் அடி தாங்குகிறதே என்று இன்னும் கலப்பார்கள். விறைப்பு போய்விடும், அடுக்கின் அடிப்பெட்டி பாரத்தில் நாளாக நாளாக வயிறு தள்ளும்.

கிரேடு மாற்றினால் குளிரவிடும் நேரத்தையும் மாற்ற வேண்டும். ரேண்டம் மெதுவாகப் படிகமாகும். பழைய சைக்கிள் டைமில் (ஒரு பெட்டி ஊற்றி எடுக்கும் நேரத்தில்) எடுத்தால் கோணும். எந்த பிபியாக இருந்தாலும் அச்சை விட்டு வந்த பிறகும் படிகமாவது நிற்காது, சுருங்கிக்கொண்டே இருக்கும். சூட்டோடு அளந்துவிட்டு அச்சைத் தேய்க்கப் போகாதீர்கள்; ஒரு நாள் ஆறட்டும்.

நிறத்தையும் கவனியுங்கள். தாலோசயனின் என்கிற நீல நிறமி படிகத்துக்கு வித்தாகிவிடும்; படிகம் சீக்கிரம் உருவாகி, சுருங்குவதும் மாறும். அதே அச்சில் சிவப்புப் பெட்டி நேராக வர, நீலம் மட்டும் வளைந்தால் ஆபரேட்டரைத் திட்ட வேண்டாம்.

அந்தப் பட்டறையில் இப்போது ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு பெட்டிகளை இரவு முழுக்க ஐஸுக்குள் புதைத்துவிட்டு, காலையில் எடுத்த கையோடு மாடியிலிருந்து போடுகிறார்கள்.