கணினி ஸ்ட்ரிங்ஸ் கீபோர்டு மாதிரியே கேட்பது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் நெருங்கினால் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்து வீட்டு ஸ்டுடியோக்களில் கிறிஸ்துமஸ் பாட்டு வேலை குவிந்துவிடும். பாடுவது சபைப் பாடகர் குழு. பின்னால் கேட்கும் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் குடும்பக் கருவிகள்), கலைஞர்கள் வாசித்ததை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து வைத்த சாம்பிள் லைப்ரரி. காசு கொடுத்து வாங்கிய லைப்ரரியும் பழைய கீபோர்டு டோன் போல ஒலித்தால், அதை வாசிக்கிற விதத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பெரிய தவறு, கீபோர்டில் உள்ள மாட் வீல் என்ற சக்கரத்தைத் தொடாமல் விடுவது. பெரும்பாலான லைப்ரரிகளில் நீள ஸ்வரங்களின் அழுத்தத்தை முடிவு செய்வது வெலாசிட்டி (கட்டையைத் தட்டும் வேகம்) அல்ல, அந்த வீல் அனுப்பும் சிசி 1 என்ற மிடி கட்டளை (0 முதல் 127 வரை). மிடி என்பது கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை. மென்மையாக வாசித்த பதிவிலிருந்து அழுத்தி வாசித்த பதிவுக்கு அது கொண்டுபோகும். அதனால் சத்தத்தோடு நாதமும் மாறும். சிசி 11 என்ற இன்னொரு கட்டளை சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும். சிசி 1 நேர்கோடாகக் கிடந்தால் உயிர் இருக்காது. நாலு பார் (தாளச் சுற்று) வரியை 45இல் தொடங்கி, உச்ச ஸ்வரத்தில் 95 வரை ஏற்றி, முடிவில் 40க்கு இறக்கிப் பாருங்கள். மவுஸால் வரைவதைவிட, வரியைப் பாடிக்கொண்டே வீலைக் கையால் நகர்த்திப் பதிவது நல்லது. ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி வாசிப்பது), பிட்ஸிகாட்டோ (விரலால் மீட்டுவது) இரண்டுக்கும் வெலாசிட்டியே போதும்.

அடுத்து, கீபோர்டில் பிடித்த கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) அப்படியே ஒரே பேட்சுக்கு (லைப்ரரியில் ஒரு கருவியின் ஒலித் தொகுப்புக்கு) கொடுப்பது. 16 வயலின்கள் பதிவான பேட்சில் மூன்று ஸ்வரம் அழுத்தினால் 48 வயலின்கள் வாசிக்கும். சபைப் பாட்டுக்கு சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் பிரிப்பு கையிலேயே இருக்கிறதே! அதை முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ எனப் பகிர்ந்து, செல்லோவுக்கு ஓர் ஆக்டேவ் கீழே டபுள் பாஸைச் சேருங்கள். வயலினின் அடி ஸ்வரம் மிடி எண் 55, வியோலாவுக்கு 48, செல்லோவுக்கு 36.

லெகாட்டோ (ஸ்வரங்களை விடாமல் இணைத்து வாசிக்கும்) பேட்சில் ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்ததன் மேல் சற்று ஏற வேண்டும். இடைவெளி விழுந்தால் இணைப்பு ஒலி வராது. எல்லாவற்றையும் குவாண்டைஸ் செய்தால் (தாளக் கட்டத்தில் அச்சாகப் பொருத்தினால்) ஸ்ட்ரிங்ஸ் தாளத்துக்குப் பின்னால் இழுக்கும், ஏனென்றால் பதிவிலேயே ஒலி எழும்பச் சற்று நேரமாகிறது. டிராக்கை முன்பின் நகர்த்தும் டிராக் டிலேயில் மைனஸ் 60 மில்லிசெகண்டில் தொடங்கிக் காதால் சரிசெய்யுங்கள். லெகாட்டோவுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

நம் பாட்டுக்கே உரிய சிக்கல் கமகம். ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் இதை, சுருதியை மாற்றும் பிட்ச் பெண்ட் வீலால் செய்தால், சாம்பிளோடு பதிவான அரங்கின் எதிரொலியும் வைப்ராட்டோ நடுக்கமும் கூடவே வளையும். காது உடனே பொய்யைப் பிடித்துவிடும். கமகம் வேண்டிய வரிக்கு நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள வயலின் கலைஞர் ஒருவரை அழைத்து வாசிக்கவைத்து, சாம்பிள் செக்‌ஷனை அடியில் நேர் ஸ்வரங்களாக வையுங்கள். அந்த ஒற்றை வயலின் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தும்.

எல்லா டிராக்கிலும் ஒரே ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போடுவதும் கெடுதல். பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவானது, அறையின் ஒலி அதிலேயே உண்டு. வியன்னாவின் சைலன்ட் ஸ்டேஜ் ஸ்டுடியோவில் பதிவானவை வறண்டவை, அதாவது அறையின் ஒலி குறைந்தவை, அவற்றுக்குத்தான் ரிவெர்ப் அதிகம் வேண்டும். அரங்கில் அமர்ந்த இடத்திலேயே பதிவான கருவியை மறுபடி இடம் வலமாக நகர்த்தி பேன் செய்யவும் வேண்டாம்.

காலால் மிதிக்கும் பழைய ஹார்மோனியமோ நாதஸ்வரமோ சேர்வதானால் முதலில் ட்யூனரில் பாருங்கள்; லைப்ரரி பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸில் இருக்கும், சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் அதைத்தான் நகர்த்த வேண்டும். லைப்ரரி வாங்கும் முன், அதை இயக்கும் கான்டாக்ட் மென்பொருளின் இலவச வடிவமான கான்டாக்ட் பிளேயரில் ஓடுமா என்றும் உறுதிசெய்யுங்கள். முழு கான்டாக்ட் தேவைப்படும் லைப்ரரி, இலவசப் பிளேயரில் 15 நிமிடத்தில் நின்றுவிடும்.