தீவில் தேனிலவு: கடல் முதலில், மலை பிறகு

ரிசார்ட் வேலிக்குள் கிடக்காமல் ஊரோடு கலந்து, கொஞ்சம் துணிச்சலாக ஒரு தீவில் தேனிலவு என்று இருவரும் ஒத்துக்கொண்டாகிவிட்டதா? அடுத்து தீவைத் தேடாதீர்கள், மாதத்தைப் பாருங்கள். உங்களுக்கு லீவு கிடைக்கும் நாட்களில் எந்தக் கடல் அமைதியாக இருக்கும் என்று பார்த்தாலே பட்டியலில் பாதி உதிர்ந்துவிடும்.

கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, செப்டம்பர் நடுவில் உச்சம். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் அரூபா, பொனேர், குராசாவ் பக்கம் பாருங்கள். மூன்றும் புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. பிஜி, சமோவா, வனுவாட்டு பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். பாலியும் லொம்போக்கும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காய்ந்திருக்கும். சான்சிபாரில் மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. இலங்கை ஒரே தீவானாலும் இரண்டு பருவம்: தென்மேற்குக் கரைக்கு டிசம்பர்–மார்ச், திருகோணமலைப் பக்கத்துக்கு மே–செப்டம்பர். ஜூலையில் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவையில் அறை போட்டுவிட்டு, கலங்கிப்போன கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காதவர்கள்.

மாதம் முடிவானதும் நிலவைப் பாருங்கள். இரவில் துடுப்பு போடும்போது கடல் நீலமாக மினுங்குவதைப் பார்க்க ஆசை என்றால் (போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேக்கஸ் தீவில் இதற்கென்றே ஆட்கள் போகும் விரிகுடா உண்டு) அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். பௌர்ணமி வெளிச்சத்தில் அந்த மினுக்கம் கண்ணுக்குப் படாது. அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ஒட்டிய நாட்களில் கடல் ஏறுவதும் வற்றுவதும் அதிகமாக இருக்கும். சான்சிபாரின் கிழக்குக் கரையில் கடல் வற்றினால் நீந்தத் தண்ணீரைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் அங்கே பெண்கள் கடற்பாசி வளர்க்கும் பாத்திகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறேகால் மணி நேரம். மறுநாள் அதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். இதை வைத்து அன்றாடத் திட்டத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நாட்களை அடுக்கும் விதம்

பத்து நாள் பயணத்துக்கு இரண்டு தங்குமிடம் போதும். மூன்றாவது தீவைச் சேர்த்தால் ஒரு முழுநாள் படகுத்துறையிலேயே போய்விடும். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையிலேயே விமானம் ஏறாதீர்கள். இரண்டு மூன்று நாள் தூங்கி எழுந்துவிட்டுக் கிளம்புங்கள். தூக்கமில்லாமல், சளியோடு போய்ச் சேர்ந்தால் முதலில் கெடுவது காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கும் டைவிங்தான். மூக்கடைப்பு இருந்தால் காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, அதற்குமேல் கட்டாயப்படுத்தினால் செவிப்பறை கிழியலாம்.

கடலை முதலில் வையுங்கள், மலையை அதன் பிறகு, விமானத்தைக் கடைசியில். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்குகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழியாக வெளிவரும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகக்கூடிய ஆபத்து இது. ஒரே ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது. 24 என்று வைத்துக்கொண்டால் கணக்கும் சுலபம், மனமும் நிம்மதி. பலரும் கோட்டை விடுவது மலையில். ஹவாயின் மாவுயி தீவில் ஹலேயாகலா உச்சி 3,055 மீட்டர், கடற்கரையிலிருந்து காரிலேயே ஏறிவிடலாம். காலையில் டைவிங், மாலையில் அந்த உச்சியில் சூரிய அஸ்தமனம் என்று திட்டம் போட்டால், உடலைப் பொறுத்தவரை அது விமானம் ஏறியதற்குச் சமம். லொம்போக்கின் ரிஞ்சானி 3,726 மீட்டர், அதற்கும் இதே இடைவெளி வேண்டும்.

ஆக, பத்து நாள் ஏறக்குறைய இப்படி அமையும். முதல் நாள் தூக்கம், இரண்டாம் நாள் ஊரைச் சுற்றுதல், மூன்று முதல் ஐந்து வரை கடல், ஆறாம் நாள் ஒன்றுமே இல்லை. ஏழு, எட்டு மலை அல்லது காடு. ஒன்பதாம் நாள் காலையிலேயே விமான நிலையம் இருக்கும் தீவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆறாம் நாளைக் காலியாக விடுவது சோம்பலுக்காக இல்லை. ஒருநாள் காற்றடித்துப் படகு போகாவிட்டால், அந்த நாள் அங்கே நகர்ந்து உட்காரும்.

தண்ணீருக்குள் இறங்கும் முன்

டைவிங்கில் இரண்டு வழி. பயிற்சியாளர் கூடவே இருக்க, அதிகபட்சம் 12 மீட்டர் வரை ஒருநாள் அறிமுகம் ஒன்று. 18 மீட்டர் வரை செல்லத் தகுதி தரும் ஓப்பன் வாட்டர் பயிற்சி மற்றொன்று. இதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும், மூன்று நான்கு நாள் பிடிக்கும். பாடப் பகுதியை ஊரிலிருந்தே ஆன்லைனில் முடித்துவிட்டுப் போங்கள். தேனிலவில் வகுப்பறையில் உட்காருவது கொடுமை. உடல்நலக் கேள்விப் படிவத்தை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்ற எதற்காவது ‘ஆம்’ என்று குறித்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறக்கமாட்டார்கள். சின்னத் தீவில் அந்தக் கையெழுத்துக்கு டாக்டரைத் தேடி அலைவது வீண். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் டைவிங் கூடாது, மேலே மிதந்தபடி குழாய் வழியே மூச்சு விட்டுக்கொண்டு பார்க்கும் ஸ்நார்க்கலிங் போதும்.

ஸ்நார்க்கல் கண்ணாடியை வாடகைக்கு எடுக்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை தடித்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும், மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தால் போதும். முடி ரப்பருக்குள் சிக்கியிருந்தாலும் இதே கதைதான். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ரப்பர் மடங்கி இன்னும் அதிகமாகக் கசியும். கண்ணாடி பனிக்காமல் இருக்க உட்புறம் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி, ஒருமுறை மட்டும் அலசுங்கள்.

ஸ்நார்க்கலிங்கில் வெயில் முதுகையும் முழங்காலின் பின்புறத்தையும்தான் சுடும், தண்ணீரின் குளிர்ச்சியில் அது அப்போது தெரியாது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் கிரீம் பூச வேண்டிய இடம் பாதியாகிவிடும். பவளத்துக்குக் கேடான சில வேதிப்பொருள்கள் உள்ள சன்ஸ்க்ரீனை பசிபிக் தீவு நாடான பலாவு 2020 முதல் தடை செய்திருக்கிறது. ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினோக்சேட் உள்ளவற்றை விற்கத் தடை. வெயில் தடுக்கத் துத்தநாக ஆக்சைடு மட்டுமே உள்ளதை வாங்கினால் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

நீரோட்டம் கடலுக்குள் இழுத்துப் போனால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்புங்கள். கல்போலக் கிடக்கும் விஷ மீனான கல்மீனின் முள் குத்தினால், தாங்கும் அளவு சூடான தண்ணீரில் (45 டிகிரியைத் தாண்டாமல்) காலை வைத்திருங்கள், வலி அடங்கும். பிறகு கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும். பவளம் கீறினால் சின்னதுதானே என்று விடாமல் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி அயோடின் போடுங்கள், இல்லாவிட்டால் சீழ் வைக்கும்.

ஊரோடு கலப்பது

உள்ளூர்க்காரர் வீட்டில் அவர்களோடு தங்குவது ஊரை அறியச் சிறந்த வழி. புதுத் தம்பதிக்கு ஒரு சங்கடமும் உண்டு, வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்: சுவர் மெல்லியது. நான்கு இரவு வீட்டில், மூன்று இரவு தனிக் குடிலில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை: கழிப்பறை தனியா பொதுவா, கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும், கொசுவலை உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டார் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியுமா. கடைசிக் கேள்விக்குத் தயக்கமாகப் பதில் வந்தால் அது விடுதி, வீடு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

‘என்ன சுற்றிப் பார்க்கலாம்’ என்று கேட்டால் எல்லாருக்கும் காட்டுகிற அருவிக்கு அனுப்புவார்கள். ‘நாளைக்கு நீங்கள் என்ன வேலைக்குப் போகிறீர்கள், நாங்களும் வரலாமா’ என்று கேட்டுப் பாருங்கள். அதிகாலைச் சந்தை, இரவு மீன்பிடி, தோட்ட வேலை எல்லாம் அந்தக் கேள்வியில்தான் திறக்கும். அவர்கள் நேரத்துக்குக் கூலி தருவதை முதலிலேயே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாலத்தீவில் 2009 முதல் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அங்கே மது கிடையாது, நீச்சல் உடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும், பொது இடத்தில் முத்தம் கூடாது. வெள்ளிக்கிழமை பொதுப் படகு பெரும்பாலும் ஓடாது. பிஜி கிராமத்துக்குள் போகிறவர்கள் காவா பானம் செய்யும் யங்கோனா வேர்க்கட்டை முதலில் ஊர்த்தலைவரிடம் கொடுப்பது முறை, தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பாலியில் ஞேபி எனும் மௌனப் புத்தாண்டு நாளில், பெரும்பாலும் மார்ச்சில், 24 மணி நேரம் விமான நிலையமே மூடப்படும், சுற்றுலாப் பயணிகளும் தங்குமிடத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த அமைதிக்காகவே போகிறவர்களும் உண்டு. அன்றைக்குத் திரும்பும் டிக்கெட் போட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

படகு, ஸ்கூட்டர், காகிதம்

படகுக்குக் காலை நேரமே நல்லது, மதியத்துக்கு மேல் காற்று எழும். பின்பக்கம், தாழ்வாக உட்காருங்கள், குலுக்கல் குறைவு. குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன் போட வேண்டும், வாந்தி தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. லைஃப் ஜாக்கெட்டை ஏறுமுன் கண்ணால் எண்ணுங்கள். ஆளுக்கொன்று இல்லையென்றால் அடுத்த படகு.

ஸ்கூட்டர் எடுக்க சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது, அதில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரையும் இருக்க வேண்டும். இல்லாமல் விழுந்தால் காப்பீடு ஒரு காசு தராது. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள், நகல் போதும். எடுக்கும்போதே கீறல்களை வீடியோ எடுத்துவிடுங்கள். பின்னால் உட்காருபவர் இடப்பக்கமாக இறங்கட்டும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் புகைக்குழாய் வலப்பக்கம், கெண்டைக்காலில் சுட்டால் அந்தக் கொப்புளத்தோடு ஒரு வாரம் கடலில் இறங்க முடியாது.

காப்பீட்டில் மூன்றைத் தேடுங்கள்: நீங்கள் போகும் ஆழம் வரை டைவிங், இருசக்கர வாகனம், பெரிய ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு. பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதாக இருந்தால், திரும்பி வந்த பிறகு மாற்றுங்கள். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒரே பெயரில் இல்லையென்றால் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். மொத்தப் பணத்தில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், அதில் பாதி சில்லறை நோட்டாக. சின்னத் தீவில் ஏடிஎம் இருந்தாலும் பணம் இருக்காது.

டெங்கு கொசு பகலில் கடிக்கும், டீட் எனும் கொசுவிரட்டி மருந்து உள்ள களிம்பைக் காலையிலேயே பூசுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் ஐப்யூபுரூஃபெனும் வேண்டாம். வயிறு கெட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சாலமன் தீவுகள், வனுவாட்டு பக்கம் போனால் மலேரியா மாத்திரைக்குக் கிளம்பும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

ஒருவருக்குக் கடல் ஆசை, மற்றவருக்கு பயம் என்றால் இருவரையும் ஒரே படகில் ஏற்றாதீர்கள். ஒரு காலைப் பொழுது தனித்தனியே போய்விட்டு, மதியச் சாப்பாட்டில் சந்தித்துக்கொள்ளலாம். பெருவிரலை மேலே காட்டினால் ‘மேலே போகலாம்’ என்பது டைவிங் சைகை. ஒருவர் அதைக் காட்டினால் காரணம் கேட்காமல் இருவரும் மேலே வந்துவிட வேண்டும். மலையிலும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் கரையில் பொறுக்கிய பவளத் துண்டையும் பெரிய சங்கையும் பெட்டியில் வைக்காதீர்கள். பல நாடுகளில் அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது, விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள்.