மூளைத்தண்டில் சிந்திய வெண்புள்ளிகள்: கிளிப்பர்ஸ் எம்ஆர்ஐ படத்தைப் பார்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களிலிருந்து ரேடியோகிராபி படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள், விடுமுறைக்கு வரும்போது என் வீட்டு மேசையில் மடிக்கணினியை விரித்துச் சந்தேகம் கேட்பது வழக்கம். சென்ற முறை ஒரு தம்பி கேட்டது கிளிப்பர்ஸ் பற்றி. 2010இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 8 நோயாளிகளை வைத்து விவரித்த இந்த அரிய அழற்சியில், டி அணுக்கள் எனும் வெள்ளையணுக்கள் மூளைத்தண்டின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுற்றி மொய்க்கின்றன. நோயாளிக்குப் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறும்.

முதலில், காடோலினியம் எனும் ஒளிரவைக்கும் மருந்தை ஊசியில் ஏற்றிய பிறகு எடுத்த டி1 படங்களை (டி1, டி2 என்பவை எம்ஆர்ஐ படம் எடுக்கும் இரு முறைகள்) திறந்து, பான்ஸ் எனப்படும் மூளைப்பாலம் தெரியும் குறுக்குவெட்டுக்கு வாருங்கள். அங்கே ஒளிரும் வெண்புள்ளிகளைத் தேடுங்கள். காடோலினியம் ஏற்றாத படத்தையும் பக்கத்தில் வைத்து, அந்த வெண்மை முன்பே இருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் என்ற வழக்கமான வருணனையை நம்பி, அந்தத் தம்பி வெகுநேரம் கறுப்புப் புள்ளிகளையே தேடிக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் சிந்திய கோலமாவை நினைத்துக்கொள்ளச் சொன்னேன், உடனே பிடிபட்டது.

அடுத்து, திரையில் கோடு இழுத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன 2017இல் வெளியான வரையறைகள். விளிம்பு மட்டும் வளையமாக ஒளிர்ந்தாலோ, கட்டிபோல் அக்கம்பக்கத்தைத் தள்ளினாலோ வேறு நோயைத் தேட வேண்டியதுதான். பிறகு சிறுமூளை, நடுமூளை, முகுளம் என்று நகருங்கள். பாலத்தைவிட்டு விலக விலகப் புள்ளிகள் சிறுத்து, எண்ணிக்கையிலும் குறையும்.

அதே இடத்தை டி2 படத்திலும் பாருங்கள். அங்குள்ள வெண்மை, காடோலினியத்தில் ஒளிர்ந்த பரப்பைவிடப் பெரிதாகப் படர்ந்திருக்கக் கூடாது. படர்ந்திருந்தால் நான் கிளிப்பர்ஸ் என்று வாய்திறக்க மாட்டேன்.

கடைசியாக, இந்த அழற்சிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிடுங்கள். கிளிப்பர்ஸில் புள்ளிகள் வெகுவாக மங்கிவிடும். ஆனால் லிம்போமா புற்றுநோயும் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாகச் சுருங்கும் என்பதால், மங்கியதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. முதல் ஸ்டீராய்டு கொடுத்த தேதியையும் ஒவ்வொரு படத்தின் தேதியையும் ஒரே தாளில் எழுதிவையுங்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நோய் திரும்புவது உண்டு, அப்போது மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தேதிகளைத்தான்.