400 மீற்றரைச் சீராக நீந்த

பிரேசிலின் கில்ஹெர்மே கோஸ்டா 2022இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 400 மீற்றர் சுயபாணி (freestyle) நீச்சலில் வெண்கலம் வென்றார். நேரம் 3:43.31. எட்டு நீளங்களுக்குப் பிரித்தால் 50 மீற்றருக்கு 28 விநாடிக்கும் சற்றுக் குறைவு. அந்த வேகம் நமக்கு எட்டாது, கணக்கு எட்டும்.

உங்கள் 400 நேரம் 6:00 என்றால் 50க்கு 45 விநாடி, 100க்கு 1:30. கொழும்பு சுகததாச தடாகம் போன்ற 50 மீற்றர் தடாகத்திலேயே அளவெடுங்கள். 25 மீற்றரில் சுவரை உதைத்துத் தள்ளும் வாய்ப்பு இரட்டிப்பு, நேரம் பொய்யாகக் குறையும்.

பயிற்சி: 100 மீற்றர் எட்டுத் தடவை, ஒவ்வொன்றும் 1:32க்குள், இடையில் 15 விநாடி ஓய்வு. முதலாவதை 1:25இல் முடித்துப் பெருமைப்படுபவர் ஐந்தாவதில் 1:40க்கு வழுக்குவார். தோள் களைக்க முழங்கை தாழும், கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவும். அப்போது கைவீச்சை எண்ணுங்கள்: நீளத்துக்கு வழக்கத்தைவிட மூன்று வீச்சு கூடினால் அன்றைக்கு நிறுத்துவதே மேல்.

மூச்சுக்காகத் தலையைத் தூக்காதீர்கள், இடுப்பு அமிழும், திருப்பினால் போதும். வெயிலேறமுன் காலையில் இறங்குங்கள். நீருக்குள்ளும் வியர்க்கும், கரையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும்.