குளவி வேஷம் போடும் அந்துப்பூச்சி: அமாட்டாவை இனம் பிரிக்கும் வழி

மழை விட்ட காலையில் பெங்களூரு கப்பன் பார்க் புல்தரையை ஒட்டி, எந்த அவசரமும் இல்லாமல் ஒரு கறுப்பு மஞ்சள் பூச்சி பறக்கும். எங்கள் அல்சூர் மாடியில் துளசித் தொட்டிக்கும் வரும். பக்கத்து வீட்டு அக்கா பார்த்தால் "ஐயோ குளவி, செருப்பை எடு தம்பி" என்பார். அது கொட்டாது அக்கா, அந்துப்பூச்சி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பு வந்துவிடும். அமாட்டா என்பது இந்த அந்துப்பூச்சியின் பேரினப் பெயர், அதாவது நெருங்கிய பல இனங்களுக்குப் பொதுவான பெயர்.

முதல் வேலை, அது குளவி இல்லை என்று உறுதி செய்வது. இடுப்பைப் பாருங்கள். பெரும்பாலான குளவிகளுக்கு அது நூலாக இறுகியிருக்கும். இதற்கு உடம்பு ஒரே தடிமன். உட்காரும்போது இறக்கைகளை இரண்டு பக்கமும் விரித்தே வைத்திருக்கும். கைபேசிக் கேமராவில் ஒரு மேக்ரோ லென்ஸ் மாட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவு. இறக்கையின் கறுப்புப் பகுதி முழுக்கச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். நடுநடுவே உள்ள ‘ஜன்னல்’களில் மட்டும் செதில் இல்லாததால் அடியில் இருக்கும் புல் தெரியும். பின் இறக்கை முன் இறக்கையைவிட மிகச் சிறியது.

இந்த இடத்தில் பலர் நேராக நிறத்துக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். கறுப்பு மஞ்சள் வேஷம் போடும் பூச்சிகள் ஏராளம். ஐரோப்பாவில் சைகீனா எஃபியால்டிஸ் என்ற வேறு குடும்பத்து அந்து, அமாட்டா ஃபெஜியா என்ற அமாட்டா இனத்தைப் போலவே தோற்றம் கொண்டிருக்கிறது. நிறத்தை நம்பினால் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவிடுவோம்.

அடுத்து உணர்கொம்பு. அமாட்டாவில் அது பெரும்பாலும் நூல் போல எளிமையாக இருக்கும். எரெஸ்ஸா என்ற உறவுக்காரப் பேரினத்தின் ஆண்களுக்குச் சீப்புப் பல் வைத்தது போல இருக்கும். செரிக்ஸ் இன்னும் நெருங்கிய ஜாடை. அதைப் பிரிக்கப் பின் இறக்கை நரம்புகளைப் பார்த்தாக வேண்டும். ஆரஞ்சுப் புள்ளியும் உலோக நீலமும் பளிச்சென்று தெரிந்தால் யூக்ரோமியா பக்கம் தேடுங்கள்.

பழைய நூல்களைப் புரட்டினால் பெயர்க் குழப்பம் வரும். உயிரினங்களுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்திய லின்னேயஸ் 1758-இல் மேலே சொன்ன ஃபெஜியாவை ஸ்ஃபிங்க்ஸ் என்ற பேரினத்தில் வைத்தார். பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1807-இல் அமாட்டா என்று பெயரிட்டார். மறு வருடமே ஓக்சன்ஹைமர் என்ற இன்னொரு பூச்சியியலாளர் அதே பேரினத்தைச் சின்டோமிஸ் என்றார். முந்தியது அமாட்டா என்றாலும் சின்டோமிஸை விடாதவர்கள் உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஹாம்ப்சன், 1892-இல் வந்த தன் இந்திய அந்துப்பூச்சித் தொகுதியில் இவற்றைத் தனிக் குடும்பமாகவே வைத்தார். பின் இறக்கையின் எட்டாம் நரம்பு இல்லாததுதான் அவர் பிடித்த அடையாளம். பிறகு இவை ஆர்க்டிடே குடும்பத்துக்குள் போயின. 2010-க்குப் பிறகு மரபணு ஆய்வுகளின் பலத்தில் அந்தக் குடும்பமே எரெபிடேக்குள் துணைக்குடும்பமாக இறங்கிவிட்டது. ஆக இன்றைய முகவரி: குடும்பம் எரெபிடே, துணைக்குடும்பம் ஆர்க்டினே, அதற்குள் சின்டோமினி என்ற கிளைக்குழு. பழைய புத்தகத்தில் சின்டோமிடே, அமாட்டிடே, டெனூக்கிடே என்று எதைப் பார்த்தாலும் ஆள் இவர்தான்.

சரி, எந்த அமாட்டா? நான் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வேன். நிறையப் பேருக்கு இது ஏமாற்றம். இணையத்தில் படம் ஏற்றியவுடன் முழுப்பெயர் வேண்டும் என்கிறார்கள். சந்தன இலை தின்னும் அமாட்டா பஸாலிஸ் தென்னிந்தியாவில் பரவலாக இருப்பதால், எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே ஒட்டிவிடுகிறார்கள். ஜாடை ஒத்த இனங்களைப் பிரிக்க வல்லுநர்கள் இனப்பெருக்க உறுப்பை அறுத்தே பார்க்கிறார்கள். படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

படம் எடுக்கிறீர்களா? வால்நுனி ஒட்டி இணைந்திருக்கும் ஜோடி கிடைத்தால் விடாதீர்கள், வெகு நேரம் அப்படியே இருக்கும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று எடுங்கள். வயிற்றுப் பட்டைகளின் எண்ணிக்கை, நெற்றி நிறம், உணர்கொம்பு நுனி, ஜன்னல்களின் எண்ணிக்கை எல்லாம் அந்த மூன்றில் விழ வேண்டும். அப்புறம் தேதி, இடம், எந்தச் செடியில் இருந்தது என்று எழுதி, பெயர்க் கட்டத்தில் ‘அமாட்டா’ என்று மட்டும் போடுங்கள்.