துக்க நாடகம் போடும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மகனைப் பறிகொடுத்த தாய்’ என்று பாத்திரக் குறிப்பில் படித்ததுமே முதல் காட்சியிலிருந்து அழத் தொடங்குவதுதான் மாணவர் மேடையில் அடிக்கடி நடக்கும் தவறு. இழப்பு நேர்ந்து எட்டு மாதமான வீட்டில் யாரும் நாள் முழுக்க அழுவதில்லை. பாத்திரம் கழுவுகிறார்கள், ரசீதைத் தேடுகிறார்கள், வந்தவரிடம் சிரித்துப் பேசுகிறார்கள். அழுகையை அடக்கப் பாடுபடும் ஆளைப் பார்க்கும்போதுதான் பார்வையாளருக்குத் தொண்டை அடைக்கும்.

அழுகை பேச்சையும் கெடுக்கும். தொண்டை இறுகி மூச்சு தட்டினால் முதலில் தேய்வது வாக்கியத்தின் கடைசிச் சொல். தமிழில் வினைமுற்று இருப்பது அங்கேதான். ‘அவன் வருவான்’, ‘அவன் வரமாட்டான்’ இரண்டும் கடைசி வரிசைக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஒத்திகையில் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, காதில் விழாத சொற்களைப் பிரதியில் அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

‘இன்னும் சோகமாக’ என்று இயக்குநர் சொல்வதால் பயனில்லை. அதை நடிகரால் செய்ய முடியாது. ‘மாமியார் வருவதற்குள் துணியை மடித்துப் பெட்டியை மூடு’ என்றால் செய்ய முடியும். இறந்த மகனின் ஆறு சட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தைத் தாய் ஒரே வேகத்தில் மடிக்கிறாள். ஆறாவதில் ஒரு பொத்தான் நூலில் தொங்குகிறது. தைப்பதா, அப்படியே வைப்பதா? கை நிற்கும் அந்த நொடிக்கு வசனம் வேண்டாம், இசை நிச்சயமாக வேண்டாம். சட்டைகள் பலமுறை துவைத்து மெலிந்தவையாக இருக்கட்டும். கடை மடிப்புக் கலையாத புதுத்துணி காட்சியைப் பொய்யாக்கிவிடும். அவை இரண்டாவது வாரமே ஒத்திகைக்கு வரவேண்டும். கடைசி ஒத்திகையில்தான் துணி கையில் கிடைத்தால் கையும் வசனமும் முட்டிக்கொள்ளும்.

‘உன் வீட்டில் நடந்த சாவை நினைத்துக்கொள்’ என்று மாணவரிடம் சொல்லாதீர்கள். சொந்தக் காயத்தைத் தினமும் கிளறினால் ஆள் நொந்துபோவார்; மூன்றாவது நாள் அது வேலையும் செய்யாது. சொந்த அனுபவத்தின் உணர்ச்சியை மீட்டு நடிக்கும் இந்த ‘உணர்ச்சி நினைவை’ ஒரு காலத்தில் வலியுறுத்திய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் உடல் செயலைத்தான் முன்னிறுத்தினார். பாத்திரம் ஒதுக்குமுன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்: இந்தக் கதை இப்போது தாங்குமா என்று மட்டும் கேட்டால் போதும், காரணம் கேட்க வேண்டாம். கனமான காட்சியை ஒரே மாலையில் இரண்டு முறைக்கு மேல் முழு வீச்சில் ஓட்டாதீர்கள். முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, பாத்திரத்தின் உடையைக் கழற்றி, சொந்தப் பெயரில் கூப்பிட்டுக்கொண்டு, வேறு பேச்சு பேசிவிட்டுக் கலையுங்கள்.

பிரதியில் உள்ள சிரிப்பு வசனங்களை ‘மரியாதையாக இருக்காது’ என்று வெட்டுவது பெரிய இழப்பு. சிரித்த கூட்டம்தான் அடுத்த அடியைக் காப்பில்லாமல் வாங்கும். சிரிப்பு அடங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுங்கள். முழுதாக அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும்.

நீண்ட மௌனம் காட்சிக்கு ஒன்றிரண்டு போதும். அதற்குள் பாத்திரம் எதையோ முடிவு செய்துகொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வசனம் மறந்துவிட்டது என்றே தோன்றும்.

சோகம் என்றால் மங்கலான நீல ஒளி என்பதும் பழக்கதோஷம். கண் தெரியாவிட்டால் அடக்கிய அழுகையும் தெரியாது. முன்பக்கம் இருபுறமிருந்தும் 45 பாகைக் கோணத்தில் முகத்துக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டு, நிறத்தைப் பிறகு யோசியுங்கள். விளக்கை முழுதாக அணைத்துக் காட்சி மாற்றுவதும் இழுவை: ஆறு மாற்றம், தலா 30 விநாடி என்றால் மூன்று நிமிடம் இருட்டு. அரை வெளிச்சத்தில் அந்தத் தாயே நாற்காலியை நகர்த்தட்டும்; அதுவும் அவள் வீட்டு வேலைதான்.

இருபது வயது மாணவி 45 வயதுத் தாயாக நடிக்க முதுகை வளைக்கவோ தலையில் பவுடர் பூசவோ தேவையில்லை. உட்காரும்போதும் எழும்போதும் அவசரம் குறைந்தால் போதும்.

குழந்தை மரணம், தற்கொலை போன்றவை கதையில் இருந்தால் அனுமதிச்சீட்டிலும் அரங்க வாசலிலும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். வாசலை ஒட்டிய ஓர இருக்கைகள் சிலவற்றைக் கேட்பவர்களுக்காக ஒதுக்குங்கள். நடுவில் எழுந்து போகிறவரைத் தடுக்க வேண்டாம் என்று வாசலில் நிற்கும் தொண்டர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.